மாமாவின் பிரான்சு

எங்கள் வீட்டில் பிரான்சைப் பற்றி யாரும் குறைவாக ஒரு வார்த்தை பேசிவிட முடியாது. பேசினால் மாமாவுக்குக் கண் சிவந்துவிடும். அவர் அம்மாவின் தம்பி. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காரைக்காலில் பிறந்து, ஐரோப்பிய யுத்தத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்து, ஒரு காது செவிடாகி, கடைசியில் ரங்கூனில் எங்களோடு வந்து சேர்ந்தவர். அப்பாவுக்கோ இங்கிலீஷ்காரன் ரயில்வேயில் வேலை. கெமண்டைன் பேட்டையில் ஆற்றோரமாக இருந்த எங்கள் மரவீட்டில், எந்த வெள்ளைக்காரன் நல்லவன் என்று சாப்பாட்டு வேளைதோறும் இருவருக்கும் வழக்கு நடக்கும்.

“உங்க ஆளு நம்மளை நாய் மாதிரி நடத்துவான் அத்தான். எங்க ஆளு பக்கத்துல உக்கார வச்சு சோறு போட்டான். மனுசனை மனுசனா பாருன்னு உலகத்துக்கே சொல்லிக் குடுத்தது பிரான்சு” என்பார் மாமா. அப்பா எச்சில் கையோடு சிரிப்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மிட்டாய் வாங்கித் தருகிறவர் என்பதால் நான் மாமா கட்சி.

அந்த மழைக்காலத்தில் அரிசி ஏற்ற ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்தது. அதன் கொடியைப் பார்ப்பதற்காகவே மாமா வேலைக்கு மட்டம் போட்டார். மறுநாள் மத்தியானம், எங்கள் அடுப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்து விழுந்தான். உடம்பெல்லாம் கரியும் ஆற்றுச் சேறும். பர்மாக்காரன் என்று நினைத்து அம்மா பர்மியத்தில் அதட்டினாள். அவனுக்குப் புரியவில்லை. மாமா ஓடி வந்ததும் அவன் வாயிலிருந்து பிரெஞ்சு கொட்டியது.

அவன் அன்னாம் தேசத்தான்; அதுவும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட சீமைதான். அந்தக் கப்பலில் உலைக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். அடி பொறுக்காமல் ஆற்றில் குதித்து ஓடி வந்திருக்கிறான். இதை அம்மாவுக்குச் சொன்ன மாமா, சொன்ன வேகத்தில் அவன் மேலேயே பாய்ந்தார்.

“பொய் சொல்றான் அக்கா! பிரெஞ்சுக்காரன் அடிப்பானா? உடம்பு வளையாத பய!”

அவன் திரும்பி முதுகைக் காட்டினான். பெல்ட்டின் பித்தளைப் பூட்டு பதிந்த இடமெல்லாம் சதை பிய்ந்து சீழ் வைத்திருந்தது. அம்மா மஞ்சளும் எண்ணெயும் எடுக்கப் போனாள். மாமா மட்டும் விடவில்லை. “யாரோ கீழ்நிலை ஆளு செஞ்சிருப்பான். மேல தெரிஞ்சா சும்மா விடமாட்டாங்க.”

அதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம். கப்பல் அதிகாரி ஒருவனும் ஒரு பஞ்சாபிப் போலீஸ்காரரும் நின்றார்கள். மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“நான் பேசிக்கிறேன் அக்கா. எங்க ஆளு. சொன்னா கேட்பான்.”

சட்டையை மாட்டிக்கொண்டு போய், விறைப்பாக நின்று சலாம் வைத்து, பிரெஞ்சில் ஆரம்பித்தார். பட்டாளத்தில் இருந்தது, காது போனது எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். அதிகாரி அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கைப்பிரம்பை மாமாவின் மார்பில் ஊன்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, போலீஸ்காரரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். அதில் ‘கூலி’ என்ற ஒரு வார்த்தைதான் எனக்குப் புரிந்தது.

மாமாவுக்கும் புரிந்தது. கதவின் இருபுறமும் கையை ஊன்றிக்கொண்டு, முதலில் பிரெஞ்சிலும் பிறகு தமிழிலும் கத்தத் தொடங்கினார்.

“எவன்டா கூலி? உன் மண்ணுல உனக்காகச் சுட்டவன்டா நான்! என் சிநேகிதனுங்களை அங்க குழியில போட்டுட்டு வந்தவன்டா!”

தெருவே கூடிவிட்டது. அந்தக் களேபரத்தில் அம்மா அப்பாவின் லுங்கியை அந்த அன்னாம்காரனுக்குக் கட்டி, தலையில் ஒரு துணியைச் சுற்றி, பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்ணோடு கொல்லை வழியாக அனுப்பிவிட்டாள். அவளுடைய மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிற இன்னொரு பர்மாக்காரனாக அவன் நடந்து மறைந்தான். மாமாவை அடித்து நகர்த்திவிட்டு உள்ளே வந்தவர்கள் வீட்டைக் குடைந்து பார்த்தார்கள். ஒன்றும் அகப்படாத ஆத்திரத்தில் மாமாவை இழுத்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் அப்பா போய் அவரை இங்கிலீஷ்காரன் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்தார். உதடு கிழிந்திருந்தது. அம்மா வைத்த தட்டை மாமா சுவரில் வீசினார். “ஊருக்கெல்லாம் உபதேசம், கப்பலுக்குள்ள பெல்ட்டு!” என்று இரைந்தார். அப்பா குனிந்து ஒவ்வொரு பருக்கையாகச் சோற்றைப் பொறுக்கினார்.

அந்தப் பிரம்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. அன்றைக்கோ எனக்குப் பட்டது ஒன்றுதான்: வழக்கில் அப்பா ஜெயித்துவிட்டார். கட்சி மாற இதுதான் சமயம் என்று, “அப்ப நம்ம இங்கிலீஷ்காரன்தான் நல்லவன், இல்லைப்பா?” என்று கேட்டேன்.

ஒருநாளும் என்னை அடித்தறியாத அப்பா கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். அம்மா தடுக்கவில்லை. மாமாதான் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். தோற்றவர் மடியில் கிடந்துகொண்டு, ஜெயித்தவருக்கு ஏன் இத்தனை கோபம் என்று விளங்காமல் நான் அழுதேன்.