அரைஞாண் கொடியில் ஒரு சாவி

என் வீட்டு அலமாரியில் ஒரு சாவி கிடக்கிறது. பித்தளைச் சாவி, சுண்டுவிரல் நீளம், மூன்று பல். இப்போது அது திறக்கக்கூடிய பூட்டு உலகத்தில் ஒன்றுகூட இல்லை. அதன் காதில் கறுப்புக் கயிறு ஒரு துண்டு, முடிச்சு அவிழாமல், இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு, மீசை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. வருஷா வருஷம் பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது என் மனைவி அதைத் தூக்கிக் குப்பைக் கூடையில் போடுவாள். நான் பின்னாலேயே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவேன். “இந்த வீட்டுல உபயோகமில்லாத சாமான் ரெண்டு. ஒண்ணக் குப்பையில போட்டா இன்னொண்ணு போய் எடுத்துட்டு வருது” என்பாள். நான் சாவியைத் துடைத்து மறுபடி அலமாரியில் வைப்பேன்.

பாளையங்கோட்டையில் ஒரு மூன்று மாடிப் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் லிப்ட்மேனாக இருந்தேன். தினமும் நூறு தடவை மேலே போயும் உத்தியோகத்தில் ஒரு படிகூட ஏறாத மனிதன் என்று, பிறர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிக்கொள்வேன். பழைய காலத்து லிப்ட் அது. இழுத்து மடக்கும் கம்பிக் கதவு, எனக்கு ஒரு மர ஸ்டூல், தலைக்கு மேல் முனகும் ஒரு மின்விசிறி. அடிக்கடி நின்றுவிடும். நின்றால் மொட்டைமாடிக்கு ஓடி, மோட்டார் அறையைத் திறந்து, ஒரு கையால் பிரேக்கைத் தளர்த்தி, மறு கையால் சக்கரத்தைச் சுற்றி, பெட்டியைப் பைய ஏதாவது ஒரு மாடிக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வித்தை ஆஸ்பத்திரியில் எனக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாருக்கும் தெரிந்துவிடாமல் நானே பார்த்துக்கொண்டேன். மோட்டார் அறைக்குச் சாவி இரண்டு. ஒன்றைத் தொலைத்தவன் நான். இன்னொன்றையும் தொலைக்கக்கூடாது என்று அரைஞாண் கொடியில் முடிந்துகொண்டேன். மானேஜர் கேட்டால், “சாவிய அவுக்கணும்னா பேண்ட்டயும் அவுக்கணும் சார், பரவாயில்லையா?” என்பேன். அதற்குமேல் அவர் கேட்கமாட்டார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வந்ததும் என்னைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அந்தக் கும்பிடுக்கு ஆசைப்பட்டுத்தான் அவ்வளவும்.

பிரசவ வார்டுக்குப் பொறுப்பாக இருந்த நர்சைப் பெரிய சிஸ்டர் என்று கூப்பிடுவோம். குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர், மீன்பிடிக்கிறவர் மகள். ஆள் குட்டை, கை மட்டும் பெரிது. ஆண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ‘வே’யை ஒரு பெண் போட்டுப் பேசி நான் கேட்டது அவர் ஒருவரிடம்தான். ஸ்கேனுக்குப் போகும் பெண்களோடு அவரும் லிப்ட்டில் ஏறுவார். இரண்டாம் மாடி வருவதற்குள் ஒரு பாடம் நடந்து முடிந்துவிடும். மூன்று மாதக்காரியிடம், “ஒன் பிள்ளைக்கு விரலெல்லாம் பிரிஞ்சாச்சு. இனிமே நகம் மொளைக்கும்” என்பார். ஆறாம் மாதக்காரியிடம், “இப்ப காது கேக்கும். வீட்டுல போடுத சண்டையெல்லாம் அதுவும் கேட்டுக்கிட்டு இருக்குன்னு மாமியாகிட்டச் சொல்லு” என்பார். ஏழாம் மாதத்தில் கண் திறந்துவிடுமாம். “உள்ள இருட்டுதான். ஆனாலும் முழிச்சு முழிச்சுப் பாக்கும்.” ஒரு பிள்ளை உள்ளே உருவாகிற கதை முழுவதையும் நான் இப்படி மாடி மாடியாகப் படித்தேன். அரைகுறைப் படிப்பு. வலதுகால் வைத்து லிப்ட்டில் ஏறினால் ஆண், இடதுகால் என்றால் பெண் என்று ஒருநாள் ஜோசியம் சொல்லப்போய் அவரிடம் மாட்டிக்கொண்டேன். “என்ன பிள்ளைன்னு சொல்லக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கு. அந்த மெஷினே வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கு, ஒமக்கு என்னவே?” என்றார். என் இடுப்புச் சாவியையும் அவர் விடவில்லை. “சாவிங்கிற பேரே எங்க கடக்கரையில கப்பல்ல வந்து எறங்குனது. போர்ச்சுக்கீசுப் பரங்கிக்காரன் எல்லாருக்கும் குடுத்துட்டுப் போனத நீரு ஒருத்தரே முடிஞ்சு வச்சிருக்கீரு.”

அது ஒரு கார்த்திகை மாதத்து மத்தியானம். மூன்று நாளாக விடாத மழை. ஆழ்வார்குறிச்சிப் பக்கத்திலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு, வார்டில் படுத்திருக்கும்போதே தண்ணீர்க்குடம் உடைந்தது. குடம் உடைவது வழக்கந்தான். ஆனால் அந்தத் தண்ணீரோடு, பிள்ளையின் தலை இறங்குவதற்கு முன்னால், தொப்புள்கொடி வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டது. அது எத்தனை பெரிய ஆபத்து என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. உள்ளே இருக்கும் பிள்ளைக்கு மூச்சும் சோறும் அந்தக் கொடி ஒன்றுதான். தலை இறங்கி அதன்மேல் அழுத்தினால், பிள்ளை தன் உயிரைத் தன் தலையாலேயே நசுக்கிக்கொள்ளும். யாராவது கையை உள்ளே விட்டுத் தலையை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கிறவரை பிடித்த கையை விடக்கூடாது.

பிடித்தது பெரிய சிஸ்டரின் கை. ஆபரேஷன் தியேட்டர் இரண்டாம் மாடியில். டாக்டரம்மா அங்கே தயாராக நின்றார். ஸ்ட்ரெச்சரை என் லிப்ட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண் முழங்காலும் நெஞ்சும் மெத்தையில் படியக் கவிழ்ந்திருந்தாள். மேலே பச்சைத் துணி. பின்னால் ஸ்ட்ரெச்சரிலேயே மண்டியிட்டு, வலது கை துணிக்குள் இருக்க, பெரிய சிஸ்டர். வழியிலேயே ஏதாவது ஆகிவிட்டால் என்று காலடியில் ஒரு தட்டு, கத்தரி, பஞ்சு. ஸ்டூலை வெளியே தள்ளிவிட்டு நான் மூலையில் ஒடுங்கினேன். வேறு யாருக்கும் இடமில்லை. அவள் புருஷன், வயலும் பம்புசெட்டுமாகப் பாடுபடுகிற பையன், படியில் ஓடினான்.

முதல் மாடி கீழே போனது. இரண்டாம் மாடியின் தரை என் தலைக்கு நேராக ஒரு முழம் தெரிந்தபோது கரண்டு நின்றுவிட்டது. ஜெனரேட்டர் உண்டு, வார்டுக்கும் தியேட்டருக்கும் மட்டும். லிப்ட் மோட்டாரை அது தாங்காது. வழக்கமான சுறுசுறுப்போடு நான் மொட்டைமாடிக்குப் புறப்பட்டேன். ஒரு எட்டு வைத்து, கம்பிக் கதவில் நெற்றி முட்டி நின்றேன். லிப்ட்டை இறக்கத் தெரிந்த ஒரே ஆள் லிப்ட்டுக்குள் நின்றுகொண்டிருந்தான். சாவி அவன் இடுப்பில் இருந்தது.

“என்னவே நிக்கீரு? போய்ச் சுத்தும்.”

“நான் உள்ள இருக்கேன் சிஸ்டர்.”

பெரிய சிஸ்டர் என் இடுப்பைப் பார்த்தார். பிறகு, “அட பாவி மனுசா” என்றார், பைய. “செவுத்தப் பாத்துத் திரும்பி நில்லும்.”

நின்றேன். கம்பிகளுக்கு அப்பால் ஒரு சாண் தூரத்தில் பூசாத செங்கல் சுவர். வழிந்து உறைந்த சிமெண்டு. இத்தனை வருஷம் கடந்துபோன சுவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். விசிறி ஓடவில்லை. டெட்டால் வாசமும் மூன்று பேர் மூச்சும்தான் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. எனக்குப் பயம் வந்தால் வாய் சும்மா இருக்காது. “பயப்படாத தாயி. ஏறுனது மூணு பேரு, எறங்கும்போது நாலு பேருல்லா! எடைய நெனச்சு லிப்ட்டு யோசிக்கி” என்றேன். பாவம், அந்தப் பெண் அந்த நிலையிலும் களுக்கென்று சிரித்துவிட்டாள். “சிரிக்க வைக்காதேயும்வே! வயிறு குலுங்கித் தல கீழ அமுங்குது!” என்று பெரிய சிஸ்டர் கத்தினார். அதோடு வாயை மூடிக்கொண்டேன். என்னிடம் இருந்தது அந்த ஒரு சாமர்த்தியம். அதுவும் அங்கே ஆபத்து.

மேலே தெரிந்த ஒரு முழ இடைவெளியில் இரண்டு கால்கள் வந்து நின்றன. புருஷன்காரன். “அண்ணாச்சி, என்ன செய்யணும்? சொல்லுங்க அண்ணாச்சி!” சாவியைக் கொடுத்தால் போதும். சட்டையைத் தூக்கி முடிச்சைப் பிடித்தேன். வியர்வையில் இறுகிக் கல்லாகக் கிடந்தது.

“தட்டுல கத்தரி இருக்கு, எடும்” என்றார் பெரிய சிஸ்டர்.

கத்தரியை எடுத்துவிட்டேன். அறுக்கத்தான் கை வரவில்லை. எங்கள் பக்கம் பிறந்த ஆணுக்கு அரைஞாண் கொடி கட்டிவிட்டால் இடுப்பு அப்புறம் வெறுமையாக இருக்காது. பழசு இற்றுப்போனால் புதிதைக் கட்டிய பிறகே அதைக் கழற்றுவோம். ஒன்றுமில்லாமல் அறுத்தெடுப்பது மனிதன் போன பிறகு. “அரணாக்கொடிய அறுக்கிறது கடைசியிலதான் சிஸ்டர்...” என்று இழுத்தேன்.

“கடைசி இங்கன என் விரலுக்கு அடியில துடிச்சிக்கிட்டுக் கெடக்குவே. அறும்!”

அந்தப் பெண்ணும் மெத்தையில் முகம் புதைத்தபடி சொன்னாள்: “அறுத்துருங்க அண்ணாச்சி.”

பிள்ளைக்கு வைத்திருந்த கத்தரியால் அன்று அந்த லிப்ட்டில் முதலில் அறுபட்ட கொடி என்னுடையது. எட்டிச் சாவியை நீட்டினேன். மேலேயிருந்து ஒரு கை வாங்கிக்கொண்டது. “மொட்டமாடி, தம்பி. தொறந்ததும் மொதல்ல மெயின அணை. சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு கம்பி இருக்கும், அத எடது கையால அமுக்கிப் புடி. வலது கையால சக்கரத்தச் சுத்து. பைய.” கால்கள் மறைந்தன. அத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்த வித்தை, சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. வலி வரும்போதெல்லாம் பெரிய சிஸ்டர், “முக்காத. ஊது. வெளக்க அணைக்க மாதிரி ஊது” என்பார். அவள் ஊதுவாள். சுவரைப் பார்த்துக்கொண்டு நானும் ஊதினேன். யாரும் என்னைச் சொல்லவில்லை. வலி அடங்கியதும் பெரிய சிஸ்டர் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: “இருக்கு.” விரல் நுனியில் கொடி துடிக்கிறது என்று அர்த்தம். மறுபடி வலி, ஊதல், “இருக்கு.” ஒருமுறை வலி அடங்கியது, அந்த வார்த்தை வரவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை. சிமெண்டு வழிந்த கோட்டை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணும் கேட்கவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது, பாரம் தூக்குகிறவர் மூச்சு போல. பிறகு, “இருக்கு. பைய அடிக்கி, ஆனா இருக்கு” என்றார்.

அப்போதுதான் பெட்டி அசைந்தது. கீழே. ஒரு முழ வெளிச்சம் ஒரு சாணாகச் சுருங்கியது. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. வித்தைக்காரன் வித்தையில் முக்கியமானதை விட்டுவிட்டான். “மாத்திச் சுத்துலே! அந்தப் பக்கம் இல்ல, மாத்து!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பெட்டி நின்றது, குலுங்கியது, மேலே போனது. ஒரு முழம், இரண்டு முழம், ஆள் உயரம். “நிறுத்து!” என்று கத்திக் கதவை இழுத்தேன். ஸ்ட்ரெச்சரை அவர்கள் உருட்டிக்கொண்டு ஓடியபோதும் அந்தக் கை துணிக்குள்ளேயேதான் இருந்தது.

பிள்ளை உடனே அழவில்லை. தியேட்டர் வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அந்த இடைவெளி தெரியும். அப்புறம் அழுதது. பெண்.

லிப்ட்டில் நாங்கள் இருந்தது பத்து நிமிஷம்கூட இல்லை என்று பிறகு சொன்னார்கள். நான் நம்பவில்லை. சாயங்காலம் பெரிய சிஸ்டர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது கை விரல்கள் மடங்கியது மடங்கியபடியே இருந்தன. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தார். டீ தம்ளரை நான் அவர் வாயருகே பிடித்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு, “சாவி எங்கவே?” என்றார். அந்தப் பையன் திருப்பிக் கொடுத்திருந்தான். காட்டினேன். “மோட்டார் ரூமு வாசல்ல ஒரு ஆணி அடிச்சு அதுல போடும். எப்படிச் சுத்தணும்னு எழுதியும் ஒட்டும். எந்தப் பக்கம்னும் எழுதும்.” அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்றைக்கே ஆணி அடித்தேன். இடுப்பில் புதுக் கயிறு கட்டினேன், சாவி இல்லாமல். அதற்குப் பிறகு யார் யாரோ லிப்ட்டை இறக்கினார்கள். என்னைக் கும்பிடுவது குறைந்துபோனது.

பெரிய சிஸ்டர் ஓய்வுபெற்றுக் கடற்கரைக்கே போய்விட்டார். பழைய லிப்ட்டைக் கழற்றியபோது ஆணியில் கிடந்த சாவியை என்னிடம் கொடுத்து அனுப்பினார்கள். இப்போது அங்கே இருப்பது இரும்புத் தகட்டுக் கதவு, உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கதவு மூடுகிறது என்று சொல்லும், ஆள் வேண்டாம். என் மகளுக்கு எட்டாம் மாதம். பிள்ளையின் தலை இன்னும் திரும்பவில்லை, தண்ணீரும் கொஞ்சம் கூடுதல் என்று ஸ்கேனில் சொன்னார்கள். அந்த இரண்டும் சேர்ந்தால் கொடி முந்துவதற்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். பெரிய சிஸ்டருக்குப் போன் போட்டேன். “முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகாதுவே. ஒருவேள வீட்டுல தண்ணிக்கொடம் ஒடஞ்சா நடக்க விடாதேயும். படுக்க வச்சு, இடுப்ப ஒசத்தி, உடனே வண்டியக் கூப்பிடும்” என்றவர், வைப்பதற்கு முன்னால், “வழியில அவளுக்குச் சிரிப்பு மூட்டாமக் கூட்டிட்டுப் போம்” என்றார்.

நேற்று மகளை மறுபடி ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். அவளும் அவள் அம்மாவும் லிப்ட்டில் ஏறினார்கள். நான் ஏறவில்லை. கதவு மூடியதும் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. படியில் ஓடினேன். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்று, மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“லிப்ட்டுல வேல பாத்த ஆளு படியில ஓடி வாறீயளே! அது என்னப்பா, கையில?”

விரல்களைப் பிரிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. உள்ளங்கையில் சாவியின் மூன்று பல்லும் பதிந்திருந்தன.