பழுப்பு வந்ததா, நீலம் வந்ததா?

ஆப்பரேஷன் தியேட்டரில் வெட்டியெடுத்த சதையை மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் போடுவது என் தொழில். தில்லை நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் எங்கள் லேப் இருக்கிறது. நோயாளிகள் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, எங்கள் தாமதத்தைத்தான் பார்ப்பார்கள். லேப் பெஞ்சில் உட்கார்ந்து “ரிசல்ட் வந்துடுச்சா?” என்று கேட்டுக் கேட்டே களைத்தவர்கள் உங்களில் நிறைய பேர் இருப்பீர்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களும் அதே பாடுதான் படுகிறோம்.

மார்பகக் கட்டி வந்தால் டாக்டர்கள் எங்களிடம் கேட்கும் முக்கியமான கேள்வி, அதில் ஈஆர் இருக்கிறதா என்பது. ஈஆர் என்பது செல்லின் உட்கருவில் இருக்கும் ஒரு புரதம். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வந்து அதோடு சேர்ந்ததும், அது டிஎன்ஏவின் மேல் போய் உட்கார்ந்து சில மரபணுக்களை வேலைக்கு எழுப்பும். அவை எழுந்தால் செல் பெருகும். பாடப் புத்தகத்தில் இந்த மாதிரிப் புரதத்துக்குப் படியெடுத்தல் காரணி என்று பெயர். கட்டியில் ஈஆர் இருந்தால் அதை அடக்க மாத்திரை உண்டு. இல்லாவிட்டால் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுப் பயனில்லை. நாங்கள் போடும் சாயத்தில், புரதம் இருக்கிற உட்கரு பழுப்பாக மாறும், இல்லாதது நீலமாகவே நிற்கும். அந்தப் பழுப்புக்காகத்தான் பெஞ்சில் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள்.

டெஸ்ட் பீஸ்

திருவெறும்பூரிலிருந்து ஒருவர் தங்கையின் ரிப்போர்ட்டை வாங்க வந்தார். தொழிற்சாலையில் வெல்டிங்கைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதானே? போகவில்லை. கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, “கலர் வரலைன்னா அந்தப் புரதம் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க? உங்க சாயமே செத்துப்போயிருந்தா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. சாயம் போடுகிற ஒவ்வொரு கண்ணாடியிலும் ஓரத்தில் வேறொரு துண்டு ஒட்டியிருப்போம், அதில் ஈஆர் நிச்சயமாக இருக்கிறது என்று எங்களுக்கு முன்பே தெரியும். அது பழுப்பானால்தான் அன்றைய சாயத்தை நம்புவோம். இதைச் சொல்லி, கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். அவர் அப்போதுதான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டையே படித்தார். படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “டெஸ்ட் பீஸ் இருக்குல்ல, அப்ப சரிங்க. அது இல்லாம எங்க மேனேஜரே வந்து நின்னாலும் நான் கையெழுத்துப் போட்டதில்ல.”

பஸ் அழுத கதை

வெட்டியெடுத்த சதையை அப்படியே வைத்தால் கெட்டுப்போகும். அதனால் ஃபார்மலின் என்ற மருந்தில் மூழ்கடித்து, டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். வெளியே எடுத்த நேரத்தில் சதை எப்படி இருந்ததோ அப்படியே அது பிடித்து நிறுத்திவிடும். ஒரே தொல்லை, அதன் நெடி. மூக்கில் ஏறிக் கண்ணில் இறங்கும்.

ஆஸ்பத்திரிகளிலிருந்து டப்பாக்களை எங்களுக்குக் கொண்டுவருபவர் பஷீர் பாய். ஒருநாள் அவருடைய ஸ்கூட்டர் மக்கர் பண்ண, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறிவிட்டார். டப்பாவின் மூடி லேசாக நெகிழ்ந்திருக்கிறது. முதலில் அவருக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்த அம்மாள், “யாருக்கு என்ன ஆச்சு தம்பி?” என்று கேட்டுவிட்டுத் தானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் முன் ஸீட், பின் ஸீட், கடைசியில் கண்டக்டர். லேப்புக்கு வந்து டப்பாவை மேஜையில் வைத்த பாய் சொன்னார்: “ஒரு டப்பாவுக்கு ஒரு பஸ்ஸே அழுதுச்சு மேடம். எங்க அத்தா மவுத்தானப்பகூட இத்தனை பேர் அழுவல.”

அருளப்பாடு

ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலிருந்து சேஷாத்ரி என்று ஒருவர் திங்கட்கிழமை காலையில் வந்தார். கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் துண்டில் சுற்றிய டப்பா. அவர் மனைவி வைதேகிக்கு சனிக்கிழமை ஸ்ரீரங்கத்திலேயே ஒரு நர்சிங் ஹோமில் மார்பில் ஆப்பரேஷன். டப்பாவை இவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இவர் வருவதற்குள் நாங்கள் பூட்டிவிட்டோம், மறுநாள் ஞாயிறு. அதனால் டப்பா அவர் வீட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறது. மூடியைத் திறந்தேன். வழக்கமான நெடி. வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவருக்குப் போக மனசில்லை. மாமிக்கு ஏற்கெனவே இதயம் பலவீனம். ஈஆர் இருந்தால் மாத்திரையோடு பார்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கீமோதான், அதை இந்த உடம்பு தாங்குமா தெரியவில்லை என்று ஆப்பரேஷன் செய்த டாக்டர் சொல்லியிருந்தார். “ஈஆர்னா என்னம்மா அது? எல்லாரும் அதையே சொல்றா” என்று கேட்டார். செல்லுக்குள் மரபணுக்கள் எல்லாம் இருக்கும், தாமாக எழுந்து வேலை செய்யாது, இந்தப் புரதம் போய் எழுப்பவேண்டும் என்று எனக்குத் தெரிந்தமட்டில் சொன்னேன்.

அவர் முகம் முதல்முறையாகத் தெளிந்தது. “அட, எங்க சன்னிதியில நடக்கறதுதானே! கைங்கர்யபராள் எல்லாரும் கையைக் கட்டிண்டு நின்னுண்டிருப்பா. பேரைச் சொல்லி ‘அருளப்பாடு’ன்னு ஒருத்தர் கூப்பிடணும். கூப்பிட்டாத்தான் ‘நாயிந்தே’ன்னு குரல் குடுத்துண்டு முன்னாடி வருவா. கூப்பிடாம ஒருத்தரும் நகரமாட்டா” என்றார். எனக்கு இத்தனை வருஷப் படிப்பில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. கட்டியில் அந்தக் குரல் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், மாத்திரை அதைத்தான் நிறுத்தும் என்றேன். துணிப்பையை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: “அப்ப அவ கட்டியில கூப்பிடறவன் இருக்கணும்னு நான் பெருமாளை வேண்டிக்கணும். விசித்திரமான வேண்டுதல்தான்.”

நீலம்

புதன்கிழமை சாயம் போட்டு முடித்தேன். கண்ணாடியின் ஓரத்தில் இருந்த டெஸ்ட் பீஸ் காபிப்பொடி நிறத்தில் அழகாக வந்திருந்தது. வைதேகி மாமியின் துண்டு முழுக்க நீலம். ‘ஈஆர் இல்லை’ என்று எழுதினால் வேலை முடிந்தது, மாத்திரைக்கான வழியும் முடிந்தது. வெளியே பெஞ்சில், ரிசல்ட் கேட்டு வந்த சேஷாத்ரி வாய்க்குள் ஏதோ சேவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற எங்கள் டாக்டரம்மாவுக்கு ஒரு வழக்கம். மைக்ராஸ்கோப்பில் முதலில் கட்டியைப் பார்க்கமாட்டார். கட்டிக்குப் பக்கத்தில் நோயே இல்லாமல் சும்மா இருக்கிற பால் குழாய்களைப் பார்ப்பார். அவற்றின் செல்களிலும் ஈஆர் கொஞ்சம் உண்டு, அங்கங்கே பழுப்பு தெரிந்தாகவேண்டும். மாமியின் துண்டில் அங்கேயும் ஒரு புள்ளி பழுப்பு இல்லை. டாக்டரம்மா இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். வேறு இடத்திலிருந்து சீவித் தரச் சொன்னார். அதுவும் நீலம்தான். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு சொன்னார்: “சாயம் சரியா இருக்கு, நல்ல செல்லும் கலர் காட்டல. அப்ப இது நெகட்டிவ் இல்ல, ரிப்போர்ட்டே இல்ல. அந்த டப்பாவை என்ன பண்ணினார்னு போய்க் கேளு.”

நடுவில் நடந்தது

கேட்டேன். அவர் மறைக்கவில்லை. மறைக்க ஏதாவது இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை.

“ஆத்துல பெருமாளுக்குத் தளிகை பண்ணணும், அவளும் இல்லை, நான்தான் அடுப்படியில. கண்ணைத் திறக்க முடியலை. கொல்லையில கொண்டு வெச்சேன், பூனை சுத்திச் சுத்தி வந்தது. திரும்ப உள்ள கொண்டுவந்துட்டேன். ஆனா மருந்தைக் கொட்டலை. உங்க பொருளாச்சே! ஒரு பாட்டில்ல பத்திரமா ஊத்தி மாடியில வெச்சேன். இங்க கிளம்பறச்சே மறுபடியும் டப்பாவுல ஊத்திட்டேன், ஒரு சொட்டு குறையலை” என்றார்.

“நடுவுல டப்பாவுல என்ன இருந்துச்சு சார்?”

“தீர்த்தம்” என்றார். அவர்கள் வீட்டில் தண்ணீருக்கு அதுதான் பெயர். சனிக்கிழமை ராத்திரி ஊற்றி, ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மாலையிலும் மாற்றியிருக்கிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த மருந்தில் இருந்தால்தான் சதை தாங்கும், தண்ணீரில் அழுகும், நாங்கள் தேடுகிற புரதமும் அதோடு போய்விடும் என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “அப்ப நானே அவ மாத்திரையைக் கெடுத்துட்டேனா?” என்றார். கோபம் போய்ப் பாவமாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார்: “அவ உடம்பும்மா அது, அந்த நாத்தத்துல விட மனசு வரலை. கண்ட தீர்த்தம் இல்லை, நாங்க குடிக்கறதுதான் விட்டேன்.”

ஊசித் துண்டு

ஆப்பரேஷனுக்கு முன்பு, கட்டி என்னவென்று பார்க்க ஊசி போட்டு ஒரு துண்டு எடுத்திருந்தார்கள். அது அன்றே ஃபார்மலினில் நேராக எங்களிடம் வந்தது. பெரிய துண்டு வரும்போது ஈஆர் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்போது விட்டிருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு அது ஞாபகம் வந்தது. பஷீர் பாய் பின்னறையில் மெழுகுக் கட்டைகளைக் குடைந்து அதைக் கண்டுபிடித்தார். எடுத்துப் பார்த்தால், முதல் பரிசோதனைக்கே முக்கால்வாசி சீவித் தீர்த்திருந்தோம். மெழுகுக்குள் சேமியா நுனி மாதிரி ஏதோ மிச்சம். இந்த ஒரு முறை சீவினால் தீர்ந்துவிடும்.

கட்டையை ஐஸில் வைத்துக் குளிரவைத்தேன். புது பிளேடு போட்டேன். பாய் ஃபேனை நிறுத்திவிட்டு வாசலில் நின்றுகொண்டார், யாராவது கதவைத் திறந்து காற்று அடித்தால் சீவல் பறந்துவிடும். ஒரு சீவல் கிழிந்தது. அடுத்தது முழுசாக வந்து தண்ணீரில் மிதந்தது. கண்ணாடியில் ஏந்தினேன். மறுநாள் சாயம் போட்டு எடுத்துப் பார்த்தபோது, டெஸ்ட் பீஸ் பழுப்பு, நல்ல செல்களில் அங்கங்கே பழுப்பு, கட்டியில் உட்கருவெல்லாம் கரும்பழுப்பு. அன்றைக்கும் ஃபேனை நிறுத்திவிட்டு வாசலில் நின்ற பாய், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபேனைப் போட்டார்: “அல்ஹம்துலில்லாஹ். இப்பவாவது மூச்சு விட்டுக்கலாமா மேடம்?”

ஒரு டம்ளர்

தையல் பிரிக்க வந்த வைதேகி மாமியையும் அழைத்துக்கொண்டு சேஷாத்ரி லேப்புக்கு வந்தார். டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் கொடுத்து, மாத்திரைக்கு வழி இருக்கிறது, மற்றதை உங்கள் டாக்டர் சொல்வார் என்றார். அவர் கேட்டுக்கொண்டதால் மைக்ராஸ்கோப்பிலும் காட்டினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அருளப்பாடு பலமா ஆயிண்டிருக்கு” என்றார் சேஷாத்ரி. நிமிர்ந்தபோது அவர் கண் ஈரமாக இருந்தது. அன்றைக்கு அறையில் ஃபார்மலின் எதுவும் திறந்திருக்கவில்லை.

பிறகு, எங்களில் யாரும் கேட்காமலே, மனைவியின் பக்கம் திரும்பி டப்பாக் கதை முழுவதையும் சொன்னார். தளிகை, பூனை, மாடியில் பாட்டில், மாற்றி மாற்றி ஊற்றிய தண்ணீர், ஒன்றையும் விடவில்லை. இந்த அம்மாள் என்ன சொல்லப்போகிறாரோ என்று நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாமி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு, டாக்டரம்மாவிடம் சொன்னார்: “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு ஒரு டம்ளர் தீர்த்தம் எடுத்துக் குடுத்ததில்லை இந்த மனுஷர். வெட்டிப்போட்ட மாருக்கு வேளா வேளைக்கு மாத்திக் குடுத்திருக்கார், பாருங்கோ!”

செல்லுக்குள் யார் யாரைக் கூப்பிட்டு எழுப்புகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க எங்களிடம் சாயம் இருக்கிறது, டப்பா ஒரு வீட்டில் என்ன உபசாரம் பெற்றது என்பதைக் கண்டுபிடிக்க மட்டும் இன்னமும் வாயைத் திறந்து கேட்கவேண்டியிருக்கிறது.