அந்தக் கையெழுத்து நைனாவுடையது அல்ல

எங்கள் நைனா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகளின் வணக்கம். மறைந்தவரின் நல்ல குணங்களை எழுதுவதுதான் வழக்கம். நானும் எழுதுகிறேன். ஆனால் கடைசி மூன்று ஆண்டுகள் அவர் ஒரு பழியைச் சுமந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர், மகளின் வேலைக்காகக் கூட இருந்தவர்களைக் கைவிட்டவர் என்ற பழி. அது என்னால் வந்தது. அதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்தால் எனக்கே அடுக்காது.

நைனா ஆந்திராவில் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் உள்ள நம் ஊரிலேயே பிறந்தவர். எட்டாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்தார். தெலுங்கில் யாரோடும் மடமடவென்று பேசுவார், ஆனால் ஓர் எழுத்துகூட எழுத வராது. இளவயதில் ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டினார். தாத்தா காலமானதும் நிலத்தைப் பார்க்கத் திரும்பினார். ஒருமுறை மாமரத்திலிருந்து விழுந்து, புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த மறுநாளே நொண்டிக்கொண்டு மோட்டார் போடக் கிளம்பிவிட்டார். அம்மா திட்டியதற்கு, கால்தானே ஒடிந்தது, கரண்ட் வருகிற நேரம் மாறவில்லையே என்றாராம்.

எங்கள் பக்கத்து நிலங்களில் வோல்டேஜ் இல்லாமல் மோட்டார்கள் எரிந்துகொண்டே இருந்த காலம் அது. பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து கரண்ட் ஆபீசுக்கு நடையாக நடந்து ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கின. அதற்கு முன்னால் நின்றவர் நைனா. அது சம்பந்தமான எதுவானாலும் பன்னிரண்டு பேரும் பேசி ஒன்றாகவே முடிவெடுப்பது என்று அன்றைக்கே வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொண்டார்கள். யாருடைய கடலைப் பயிராவது வாடினால் தன் மோட்டார் ஓடும் நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வருவார் நைனா. வீட்டில் அதற்கும் அம்மாவிடம் திட்டு வாங்குவார்.

பிறகு விவசாய மோட்டார்களுக்கு மீட்டர் மாட்டும் பேச்சு வந்தது. இலவச மின்சாரத்தால் விவசாயி தண்ணீரையும் கரண்டையும் வீணாக்குகிறான் என்று டெல்லியில் இருப்பவர்கள் டிவியில் வாதாடினார்கள். மீட்டர் மாட்டும் மாநிலம் கூடுதலாகக் கடன் வாங்கலாம் என்றார்கள். விவசாயி ஒரு பைசா கட்ட வேண்டாம், அரசாங்கப் பணம் அவன் வங்கிக் கணக்குக்கு வந்து அங்கிருந்து மின்துறைக்குப் போய்விடும் என்றார்கள். நைனா அத்தனையையும் கேட்டுவிட்டு டிவியைப் பார்த்தே கேட்பார்: "மோட்டார் எவ்ளோ நேரம் ஓடுச்சின்னு மீட்டருக்குத் தெரியும். மழ வரலன்னு அதுக்குத் தெரியுமா?"

நான் மின்துறையில் உதவிப் பொறியாளர். வேலையும் நம் பகுதியிலேயே. எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. எவ்வளவு கரண்ட் இழுக்கிறோம் என்று தெரியாமல் டிரான்ஸ்பார்மர் எரிவதை எப்படித் தடுப்பது என்று சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே நைனாவோடு சண்டை போடுவேன். ஒருநாள் அவர் அமைதியாகக் கேட்டார், நாளைக்கு பில் வராது என்று உன்னால் சொல்ல முடியுமா என்று. என்னால் முடியவில்லை. இன்றுவரை பில் வரவில்லை. நாளைக்கு வராது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

மீட்டருக்கு விவசாயிகளின் ஒப்புதல் படிவங்களை முடித்துக் கொடுக்க நாள் குறித்திருந்தார்கள். உங்கள் அப்பாவே கையெழுத்துப் போடவில்லையே என்று ஆபீஸ் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். எனக்கு மானம் போனது போல் இருந்தது. அன்று மத்தியானம் என் மேசையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போடும் இடத்தில் நைனாவின் பெயரை நானே எழுதினேன். வெறும் காகிதம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அதிலும் அறிவுகெட்ட எனக்கு ஆபீஸ் பழக்கத்தில் கை தெலுங்கில் ஓடிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கான்ட்ராக்டரின் ஆட்கள் மீட்டர்களோடு வந்தார்கள். நானும் ஜீப்பில் போயிருந்தேன். நாங்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்று பன்னிரண்டு பேரும் மறித்து நின்றார்கள். சூப்பர்வைசர் நைனா பெயர் போட்ட படிவத்தை நீட்டினார். நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பக்கத்து நிலத்துச் சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, உனக்குத் தெலுங்கு எய்த வராதே" என்றார்.

நைனா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் அன்றோடு என் வேலை போயிருக்கும். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்துதாம்பா. மாட்டிக்கட்டும்."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். முன்னால் நின்றவரே போட்டுவிட்டார் என்றதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போட்டார்கள்; அந்த மாதத்துக்குள் பன்னிரண்டு மோட்டாருக்கும் மீட்டர் ஏறிவிட்டது.

படிவம் காட்டிய அன்று சாயங்காலம் நான் மாட்டுக்கொட்டகையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். நைனா ஒரு காலண்டர் தாளும் பேனாவுமாக வந்தார்.

"என் பேரத் தெலுங்குல எப்டி எய்தறதுன்னு காட்டு."

எதற்கு என்று கேட்டேன்.

"என்துன்னு சொல்லிக்கினேன் இல்ல? எவனாவது போட்டுக் காட்டுன்னா?"

அதற்குப் பதில் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். எட்டு நாள் எழுதிப் பழகினார். ஆனால் யாரும் அவரிடம் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. கேட்கிற அளவுக்குக்கூட அவரோடு பேச யாரும் விரும்பவில்லை. டிரான்ஸ்பார்மர் எரிந்தபோது அவரைக் கூப்பிடாமலே அதைப் பழுது பார்க்க டிராக்டரில் ஏற்றினார்கள். அவராகப் போய் ஒரு பக்கம் கை கொடுத்துவிட்டு வந்தார்.

நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். "வேல போனா திரும்ப வராது பாப்பா. பேரு அப்டி இல்ல. நான் உயிரோடதான கீறேன், மெதுவா சம்பாரிச்சிக்கறேன்" என்றார். அதற்குள் நெஞ்சுவலி வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். ஆறாம் நாள் காலையில் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்று கேட்டார். பாய்ந்தது நைனா என்றேன். அதன்பின் பேசவில்லை.

நேற்று என் மேலதிகாரியிடம் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன தண்டனை வந்தாலும் சரி. அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவரு இருந்தா வேணான்னு சொல்லுவாரு. நான் சொல்றேன், போடு" என்றார் அம்மா.

நைனாவைக் கண்போல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், அவசரத்துக்கு ரத்தம் கொடுத்த என் அலுவலக நண்பர்களுக்கும், தூரம் பார்க்காமல் ஓடி வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

மற்ற பதினொரு குடும்பத்தாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நைனா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எங்கள் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சியது நீங்கள்தான். பாடையைத் தூக்கியதும் நீங்கள்தான். காரியத்தன்று மட்டும் எங்கள் வீட்டில் கை நனைக்காமல் போனீர்கள். அவர் உங்களைக் கைவிடவில்லை. என்னைக் கைவிட முடியாமல் நின்றார், அவ்வளவுதான். கோபம் இருந்தால் என்னைக் கேளுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். திதியன்று அவருக்குப் படைக்கும்போது உங்களுக்கும் இலை போட்டிருப்போம். இந்த முறை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.