கம்பு வேண்டாத பீரங்கி

போன செவ்வாய்க்கிழமை மலைமேல் இருக்கிற போளூர் டீக்கடையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். வண்டிகள் என்றால் எனக்குப் பைத்தியம் என்பது வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தது ஜப்பான்காரர்களின் புதுப் பீரங்கி வண்டி.

எட்டுச் சக்கர லாரி. அதன் முதுகில் ஒரு நீளக் குழாய். பார்வைக்கு அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பின்னால் எவ்வளவு யோசனை! டாங்க் மாதிரி சங்கிலிப் பட்டையில் ஓடும் பீரங்கி ஏற்கெனவே அவர்களிடம் உண்டு. பலசாலிதான்... ஆனால் கனம். லாரி கட்டி இழுக்கும் பழைய பீரங்கிகளோ கிழடாகிவிட்டன. சரி, அந்தப் பலசாலியின் குழாய் நுட்பத்தை லாரி மேலேயே ஏற்றிவிட்டால் என்ன? ஏற்றினார்கள். முதலில் சில வண்டிகளைச் செய்து, சுட்டுப் பார்த்து, பிறகுதான் படையில் சேர்த்தார்கள்.

பக்கத்துப் பெஞ்சில் ராசாங்கம். பூண்டு விவசாயி. பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே கேட்ட வெடிச்சத்தத்தில் இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலதும் மந்தம்தான். என் மொபைல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுட்டுப்புட்டு எம்புட்டு நேரத்துல கெளம்பும் சார்?"

"சட்டுனு கிளம்பிடும்ண்ணே. பின்னாடி மண்ணுல ஊன்றியிருக்கிற இரும்பைத் தூக்கினா போதும். அப்படியே ஓட்டிட்டுப் போயிடலாம்."

அதோடு விட்டேனா? சுட்ட இடத்திலேயே நிற்பதுதான் ஆபத்து, குண்டு வந்த வழியை ரேடாரில் பிடித்து எதிரி திருப்பி அடிப்பான் என்று விளக்கம் வேறு. யாருக்குப் பாடம் எடுக்கிறோம் என்ற கூச்சம்கூட இல்லை எனக்கு.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "கம்பு?"

"எந்தக் கம்பு?"

சிவப்பும் வெள்ளையும் பூசிய குறிக்கம்பு. இழுவைப் பீரங்கியை நிறுத்தியதும், கொஞ்சம் தள்ளி இரண்டு கம்புகளை ஊன்றுவார்களாம். அவற்றைக் கண்ணாடி வழியே பார்த்துத்தான் குழாயின் திசையைச் சரிசெய்வார்கள். கிளம்பும்போது யாராவது ஓடிப்போய்ப் பிடுங்கி வர வேண்டும்.

"இதுல கம்பு கிடையாதுண்ணே. திசையை வண்டியே பார்த்துக்கும்."

"கம்பே இல்லியா?"

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். பிறகு சொன்னார்.

எல்லையில் ஒரு காலை. சுட்டு முடித்து, பீரங்கியின் கால்களை மடக்கி, லாரியில் மாட்டியாகிவிட்டது. எதிர்க்குண்டுகள் விழ ஆரம்பித்துவிட்டன. கம்புகள் இரண்டும் அங்கேயே நிற்கின்றன.

"விட்டுட்டு வந்துருக்கலாம் சார். சாமான் கொறஞ்சா கேள்வி கேப்பாங்களேன்னு... 'ஏலே முருகேசா, வெரசா ஓடிப் புடுங்கிட்டு வாலே'ன்னேன். நாந்தேன் சொன்னேன். ஒண்ணைப் புடுங்கிட்டான். ரெண்டாவதுல கையை வச்சான்..."

முருகேசன் அவர் மனைவி பார்வதியின் தம்பி. அக்கா தூக்கி வளர்த்த பிள்ளை. அக்கா புருஷனை நம்பிப் பட்டாளத்துக்குப் போனவன். 'பீரங்கிப் பக்கத்துல நின்னான், குண்டு விழுந்துருச்சு' என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். இன்றைக்கு வரைக்கும்.

"ஊருல எல்லாரும் கொடி பீன்ஸ் போடுறாங்க, நீங்க மட்டும் ஏன் மாட்டேங்குறீங்கன்னு வருசா வருசம் கேக்குறா. அதுக்குக் கம்பு ஊனணுமே சார்... நான் எப்பிடி ஊனுவேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரைக்கும் அந்த வண்டி எனக்கு ஒரு அழகான டிசைன். கம்பு இல்லை என்பது ஒரு சௌகரியம். அவ்வளவுதான். எங்கேயோ ஒரு இன்ஜினியர் வரைபடத்திலிருந்து இரண்டு கம்புகளை எடுத்தபோது, ஒரு பையன் ஓட வேண்டியதையும் சேர்த்து எடுத்திருக்கிறார். என்ன பிரயோஜனம்? அந்த வண்டி சுடுகிற குண்டும் யாரோ ஒரு அக்காவின் தம்பி மேல்தானே விழப்போகிறது?

பஸ் வந்தது. ஏறப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ ஒங்க பக்கத்தை வாரம் தவறாம படிக்கிறா சார். இத்தனை வருசமா எனக்கு வாய் வரல. நீங்க எழுதிருங்க. பேரைப் போட்டே எழுதுங்க."

"அவங்க உங்களை வெறுத்துட்டா?"

"வெறுக்கட்டும் சார். தெரிஞ்சு வெறுக்கட்டும்."

அடுத்தவர் வீட்டுத் துக்கத்தைப் பத்தியில் போடலாமா? இரண்டு நாள் பேனாவையே தொடவில்லை. மூன்றாம் நாள் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "எழுதிட்டீங்களா சார்?" என்றார்.

எழுதிவிட்டேன்.

பார்வதியக்கா, நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த பீன்ஸ் கேள்விக்குப் பதில் இதுதான். இது அச்சாகி வரும் நாளில் மதியச் சோற்றுக்கு அவர் வீட்டுக்கு வரமாட்டாராம். பூண்டுக் காட்டிலேயே இருப்பாராம். நீங்களாகக் கூப்பிட்டால்தான் வருவாராம்.

தூரத்திலிருந்து கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது அக்கா... கொஞ்சம் கிட்டப் போய்க் கூப்பிடுங்கள்.