மருதப்பனின் முன்பல்

நரம்பை எடுத்துவிட்ட பல்லை ஒருவர் இன்னும் தன்னுடையது என்று சொல்லலாமா? செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் மருதப்பன், கோயிலில் நாதஸ்வரமும் வாசிப்பவர். முன்பல் போனால் உதடு வாயில் வைத்து ஊதும் சீவாளியைப் பிடிக்காது. டாக்டர் பிடுங்கிவிடுவார் என்று பயந்து, பல்லில் விழுந்த ஓட்டையைத் ரப்பர் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலால் தானே அடைத்துக்கொண்டார். முகம் வீங்கியது.

தெங்கேரா கிளினிக்கில் பல் மருத்துவர் ஷகீலா அந்த ஒட்டுப்பாலை நோண்டி எடுத்துச் சிரித்தார். "ஐயோ அண்ணே, டயர் ஒட்டுற மாதிரி ஒட்டி வச்சிருக்கீங்களே!"

"பிடுங்கிறாதீங்க டாக்டர். திருவிழாவுக்கு ஊதணும்."

"பிடுங்கல லா. நானும் மரத்துப் பாலாலதான் அடைக்கப் போறேன். உங்க ஐடியா சரி, மரம்தான் வேற."

செத்த நரம்பை எடுத்து, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து, தாபான் மரத்துப் பாலில் செய்த கட்டாபெர்ச்சா குச்சியைப் பசையோடு செருகி மூடினார். பல் நின்றது. திருவிழாவில் மருதப்பன் வாசித்தார். முன்பைவிட நன்றாக என்று சொல்ல முடியாது. ஆனால் கண் கலங்க, நிறுத்த மனமில்லாமல் வாசித்தார்.

கோயிலுக்கு வெளியே அவர் ஊதியதே இல்லை. சொந்த மகள் கல்யாணத்துக்கும் மறுத்தவர். ஆனால் ஷகீலாவுடைய தம்பியின் நிக்காஹ்வுக்குப் போய் வாசித்தார். ஏன் என்று மகள் கேட்டாள். அவர் முன்பல்லை விரலால் தட்டிக் காட்டினார்.