ஆர்டிஸ் திருத்தி அனுப்பிய வரிப் படிவம்

டெவில்ஸ் லேக் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்டிஸ் டோலஃப்ஸ்ருட், ஒன்றைச் செய்வதென்று முடிவெடுத்துவிட்டால் அப்புறம் அவளிடம் பேசிப் பயனில்லை. கணவன் இருந்தவரை அவனும் பேசிப் பார்த்தான். அக்கா கிளாடீன் பேசிப் பார்த்தாள். பேச்சைக் கேட்டுக்கொண்டே தான் நினைத்ததைச் செய்துவிட்டு வருவாள்.

அவர்களுடைய அண்ணன் ஓரின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டினான், ஓய்வு பெற்றபின் ஏரியே கதியென்று கிடந்தான். 2017 அக்டோபரில் தூக்கத்திலேயே போய்விட்டான். ஏரிக்கரை வீட்டையும் மற்றதையும் தங்கைகள் இருவரும் சரிபாதியாக எடுத்துக்கொள்ள வேண்டும், பொறுப்பை ஆர்டிஸ் பார்க்க வேண்டும் என்று உயில் எழுதியிருந்தான். அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம், அவனோடு மீன் பிடிக்கப் போகிற வெர்லின் ஸ்ட்ராண்ட் ஒரு காகிதத்தோடு வந்தான். பென்சிலில் நாலு வரி. வீடு வெர்லினுக்கு என்று அதில் இருந்தது. ஓரினின் கையெழுத்து மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

ஏதாவது கொடுத்து அனுப்பிவிடலாம் என்றாள் கிளாடீன். ஒரு ஆணியைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்றாள் ஆர்டிஸ். வழக்கு ஒன்பது மாதம் ஓடியது. கையெழுத்தை ஆராய பிஸ்மார்க்கிலிருந்து நிபுணரை வரவழைத்தார்கள். கடைசியில் ஆர்டிஸ் ஜெயித்தாள். ஆனால் வீட்டை விற்று, வக்கீலுக்கும் நிபுணருக்கும் கொடுத்தது போக, கைக்கு வந்த பங்கைப் பார்த்த கிளாடீன் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: “ஓரினோட வீட்டை வெர்லின் சாப்பிடலை, உன் பிடிவாதம் சாப்பிட்டுடுச்சு.” அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். அதில் பெயர் மட்டும் இருக்கும்.

அந்த ஆண்டு வரிக் கணக்கு போட்டுக் கொடுத்தவர் மில்ஃபோர்ட் எக்ரே. ஆள் இறந்ததும் அவர் சொத்து, பங்கு பிரிகிறவரை வரிக் கணக்கில் தனி ஆள் மாதிரி. அதற்கென்று ஒரு வரிப் படிவம் உண்டு. ஓரின் சொத்தின் கணக்கை 2018 டிசம்பரில் முடித்தபோது, அந்த வருஷ வருமானத்தைவிடச் செலவு பல மடங்கு கூடி நின்றது. முன்பெல்லாம் அப்படி மிஞ்சிய செலவை வாரிசுகள் தங்கள் வரியில் கழித்துக்கொள்ள வழி இருந்தது, அந்த வருஷத்திலிருந்து சட்டம் மாறிவிட்டது, இனி அது வீண்தான் என்றார் மில்ஃபோர்ட். வீண் என்ற சொல் ஆர்டிஸுக்குத் தைத்தது. கிளாடீன் சொன்னதையே அரசாங்கமும் சொல்வதாகப் பட்டது.

2021 பிப்ரவரியில், வண்டி பழுதுபார்க்கும் கொட்டகையில் காத்திருந்த நேரத்தில் பழைய விவசாயப் பத்திரிகை ஒன்றைப் புரட்டினாள். உள்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு செய்தி. சொத்தை நிர்வகிக்க ஆன செலவு 2018 சட்டத்தின் தடையில் சேராது என்று வரித்துறை போன இலையுதிர் காலத்தில் தெளிவுபடுத்திவிட்டதாம். கணக்கு முடிந்த வருஷத்தில் மிஞ்சியதை வாரிசுகள் தங்கள் வருமானத்திலிருந்து கழிக்கலாம், 2018 படிவத்தைக்கூடத் திருத்தி அனுப்பலாம் என்று இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, கொட்டகைக்காரரிடம் கேட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டாள்.

மில்ஃபோர்ட் அப்போது வேலையை விட்டிருந்தார். வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர், காகிதத்தைக் கையுறையோடு வாங்கிப் படித்தார். செய்தி சரிதான், மறுக்கவில்லை. ஆனால் சொத்தின் படிவத்தில் செலவையெல்லாம் ஒரே தொகையாகப் போட்டிருக்கிறோம், அதை இனம் இனமாகப் பிரித்து முதலில் அதைத் திருத்த வேண்டும், பிறகு வாரிசுகள் இருவருக்கும் அவரவர் பங்கைக் காட்டும் புதிய தாள் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அவரவர் படிவத்தைத் திருத்த முடியும் என்றார்.

“இதை ஆள் வச்சுச் செஞ்சா வர்றது அவருக்கே சரியாப் போயிடும், ஆர்டிஸ். விட்டுடுங்க.”

“ஆள் வைக்கலை. நானே பண்றேன்.”

“எதுக்கு இவ்வளவு?”

“வீண் இல்லைன்னு எழுத்துல வேணும்,” என்றாள் அவள்.

மில்ஃபோர்ட் மண்வாரியைச் சுவரில் சாத்திவிட்டு, உள்ளே போய்ப் பழைய கோப்பை எடுத்து வந்து கொடுத்தார்.

வக்கீல் அலுவலகம் அதற்குள் வேறொன்றோடு சேர்ந்து ஃபார்கோவுக்குப் போயிருந்தது. தேதிவாரியான ரசீது கேட்டு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். கோப்பு கிடங்கில் இருக்கிறது என்று பதில் வந்தது. மூன்றாவது முறை எழுதவில்லை. கோடை விடுமுறையில் தானே வண்டியை எடுத்துக்கொண்டு போய், வரவேற்பறை நாற்காலியில் சாப்பாட்டுப் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டாள். மதியம் இரண்டு மணிக்கு ஒரு பெண் பதினேழு தாள்களை நகலெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

காரிலேயே உட்கார்ந்து படித்தாள். எந்த நாள், எத்தனை நிமிஷம், என்ன வேலை என்று வரிவரியாக இருந்தது. ஒன்பதாம் தாளில் ஏப்ரல் மாதத்து வரி ஒன்றில் கண் நின்றது. எதிர்த்தரப்பு சமாதானத்துக்குத் தயார், ஓரினின் படகும் பழைய பிக்கப் வண்டியும் கொடுத்தால் போதுமாம். பொறுப்பாளரிடம் தொலைபேசியில் சொல்லப்பட்டது, பொறுப்பாளர் மறுத்தார்.

அந்த அழைப்பு அவளுக்கு நினைவுக்கு வந்தது. காலைச் சுற்று முடித்து வண்டியில் இருந்தபோது வந்தது. கோபத்தில் இரண்டே நிமிஷத்தில் முடியாது என்று சொல்லி வைத்துவிட்டாள். கிளாடீனிடம் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வந்த தாள்கள் எட்டு. செலவில் பாதிக்கு மேல் அந்த எட்டிலும்தான் இருந்தது.

 தான் சரி என்று காட்டுவதற்காகக் கிளம்பியவள். ஒன்பதாம் தாளை மட்டும் எடுத்து வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த எண்ணமும் வந்தது, வந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

அந்தக் கோடை முழுதும் சமையலறை மேஜையில் வேலை நடந்தது. வக்கீல் செலவு, நிபுணர் செலவு, கணக்கருக்குக் கொடுத்தது, நீதிமன்றக் கட்டணம் என்று பிரித்தாள். சந்தேகம் வந்த இடத்தில் மில்ஃபோர்டைக் கூப்பிட்டாள். அவரும் சலித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். செப்டம்பரில் சொத்தின் படிவத்தைத் திருத்தி அனுப்பினாள். கிளாடீனுக்கான தாளைத் தபாலில் போட்டிருக்கலாம். போடவில்லை. ஒரு சனிக்கிழமை ஜேம்ஸ்டவுனுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனாள்.

கிளாடீன் கதவைத் திறந்தாள். பிறகு காபி இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். ஆர்டிஸ் மேஜையில் முதலில் வைத்தது ஒன்பதாம் தாளை.

“படி.”

கிளாடீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். “படகும் பிக்கப்பும்,” என்றாள்.

“ஆமா.”

“அந்தப் பிக்கப் ஓடவே ஓடாதே.”

“ஓடாது. உன்கிட்டக் கேட்டிருக்கணும். கேக்கலை. பாதிச் செலவு அதனாலதான். நீ சொன்னது சரி.”

கிளாடீன் தாளை மடித்து வைத்தாள். “பாதிதான் சரி,” என்றாள். “அவன் பொய்க் காகிதத்தோட வந்தவன்தானே. அதையும் நான் மறக்கலை.” காபியை ஊற்றிவிட்டு, தாங்க முடியாதவள் மாதிரி சேர்த்தாள்: “மூணு வருஷம், ஆர்டி. மூணு வருஷம் நான் தப்போன்னு யோசிச்சிட்டிருந்தேன்.”

ஆர்டிஸ் புதிய தாளை எடுத்து, எதைக் கழிக்கலாம், எந்த வரியில் எழுத வேண்டும், அடுத்த ஏப்ரலுக்குள் போகாவிட்டால் பைசா கிடைக்காது என்று விளக்கினாள். அந்தப் பணம் தனக்கு வேண்டாம் என்றாள் கிளாடீன். ஆர்டிஸ் வற்புறுத்தவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் துண்டு ஒட்டி மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

தன்னுடையதை ஜனவரியில் அனுப்பினாள். மார்ச்சில் வரித்துறையிடமிருந்து கடிதம்: கழிவுக்கு விவரத் தாள் இணைக்கப்படவில்லை. இணைத்திருந்தாள். அவர்கள் பக்கம் எங்கோ விழுந்திருக்க வேண்டும். கெஞ்சி எழுதவில்லை. பதினேழு தாளையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஏப்ரல் முதல் வாரம், மாலைச் சுற்று முடித்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

“பதினோராம் கட்டத்துல இருக்கிற தொகையை அப்படியே எழுதணுமா, பாதியாக்கணுமா?” என்றது கிளாடீனின் குரல். வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை.

“அப்படியே. பாதியாக்கித்தான் குடுத்திருக்கேன்.”

“உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. எப்படித் தெரியும்?”

நாற்பது நிமிஷம் அப்படியே ஒவ்வொரு வரியாகப் போனது. குழாயை மூட மறந்து ஆர்டிஸின் பூட்ஸ் இரண்டும் நனைந்துவிட்டன. முடிந்ததும் இருவரும் வைக்கவில்லை. கிளாடீன் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னாள், ஆர்டிஸ் புதிய மேற்பார்வையாளனைத் திட்டினாள்.

செப்டம்பரில் கிளாடீன் மறுபடி கூப்பிட்டாள். ஆயிரத்துச் சொச்சம் டாலருக்குக் காசோலை வந்துவிட்டதாம்.

“உனக்கு?”

“இன்னும் இல்லை,” என்றாள் ஆர்டிஸ்.

“நீ எனக்கு மூணு மாசம் முன்னாடி அனுப்பினவ.” சிரிப்பை அடக்கும் முயற்சியே அந்தப் பக்கம் நடக்கவில்லை. “கையெழுத்து, ஆர்டி. அவங்களாலயும் படிக்க முடியலை போல.”

ஆர்டிஸுக்கு வர இன்னும் ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், வந்துவிட்டதா என்று விசாரிக்க ஜேம்ஸ்டவுனிலிருந்து அழைப்பு வந்தது.