நெற்றிக் காசு

பொன்னேரியில் பழங்காசு விற்கும் கடையில் எடுத்துப் பார்த்த விக்டோரியா வெள்ளி ரூபாயின் பள்ளங்களில் பழைய சந்தனம் ஒட்டியிருந்தது. அந்த வாசனையோடு, கடல் கொண்டுபோன எங்கள் குப்பமும் வந்தது. அங்கே ஊருக்கே பொதுவாக ஒரே ஒரு வெள்ளி ரூபாய், வலைக் கொட்டகையில் துணி முடிச்சாகத் தொங்கும். யார் செத்தாலும் சந்தனம் குழைத்து அதை நெற்றியில் ஒட்டுவார்கள். பாடை தூக்குமுன் எடுத்து, ஏரித் தண்ணீரில் கழுவி, மறுபடி முடிந்து வைப்பார்கள்.

“அழுக்கா கீது சார், கழுவித் தரட்டா?” என்றார் கடைக்காரர்.

“வேணாம்ணா, அப்டியே குடுங்க.”

நைனா செத்த அன்று, அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, நெற்றியிலிருந்த ராணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிரீடம், கழுத்து மாலை, சட்டையின் பூவேலை என்று அவளுடைய ஒவ்வொரு அச்சு வகையையும், பழங்காசு சேர்க்கிற நான் இன்று பார்த்த கணத்தில் சொல்லிவிடுவேன். நைனாவின் முகம்தான் ஞாபகத்தில் இல்லை.